40 கோரிக்கையும் மீதி 4 நாளும்

வணக்கம் சார்,

கொஞ்ச நாளா நேபாள மாவோயிஸ்டுகள் பத்தி படிச்சிட்டு இருக்கேன். 1996 பிப்ரவரி 4ஆம் தேதி பிரதமர் ஷேர் பகதூர் தேவுபாகிட்ட 40 கோரிக்கை குடுக்குறாங்க, 17ஆம் தேதி வரைக்கும் கெடுன்னு சொல்றாங்க. ஆனா 13ஆம் தேதியே போலீஸ் சாவடிகளை அடிச்சு போரை ஆரம்பிச்சிடுறாங்க. அப்புறம் எதுக்கு அந்த லிஸ்ட்? தேவுபா ஆட்சிக்கு வந்தே அஞ்சு மாசம்தான் ஆகுது. முடியாதுன்னு தெரிஞ்சே ஒரு புது அரசாங்கத்துகிட்ட இத்தனை கேக்குறது நாடகம் இல்லையா? எனக்கு இடதுசாரிகள் மேல மரியாதை உண்டு, இது மட்டும் உறுத்துது.

(பேர் போட வேணாம்னு கேட்டிருக்கார், போடல.)

அன்புள்ள நண்பருக்கு,

உறுத்துறது நியாயம்தான், நான் சப்பைக்கட்டு கட்டப் போறதில்ல. அது பொய்க் கெடு. ஆயுதப் போராட்டம்தான் வழின்னு 1995லயே கட்சிக்குள்ள முடிவு பண்ணி திட்டமும் போட்டாச்சு. அதுக்கப்புறம் போய் ‘ரெண்டு வாரம் டைம் தர்றோம்’னு கடுதாசி எழுதுறது, கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்து பொண்ணு கேக்குற மாதிரி.

ஆனா கெடு பொய்ங்கிறதால கோரிக்கையும் பொய்னு ஒரே கட்டா கட்டித் தூக்கிப் போட்றாதீங்க. அந்தக் கடிதத்தை மாவோயிஸ்டுகளோட வெளிப்படையான அரசியல் அமைப்பான ஐக்கிய மக்கள் முன்னணி தலைவரா கையெழுத்து போட்டுக் குடுத்தவர் பாபுராம் பட்டராய். அதுல தேசியம், ஜனநாயகம், வாழ்வாதாரம்னு மூணு பாகம். இந்தியாவோட போட்ட 1950 நட்புறவு ஒப்பந்தத்தை ரத்து பண்ணணும், ரெண்டு நாட்டு எல்லையில ஓடுற மகாகாளி ஆத்துத் தண்ணியைப் பங்கு போடுற ஒப்பந்தத்தை ரத்து பண்ணணும், வெளிநாட்டு ராணுவத்துக்கு கூர்க்கா ஆள் எடுக்குறதை நிறுத்தி அவங்களுக்கு உள்ளூர்லயே கௌரவமான வேலை தரணும், மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் புது அரசியல் சட்டம் எழுதணும், மன்னரோட சலுகையெல்லாம் போகணும், மதச்சார்பற்ற நாடா ஆகணும், பொண்ணுங்களுக்கு சம சொத்துரிமை, தீண்டாமை ஒழிப்பு, உழுறவனுக்கு நிலம், ஏழை விவசாயி விவசாய வங்கியில வாங்கின கடன் தள்ளுபடி, கிராமத்துக்கு குடிதண்ணி ரோடு கரண்ட்டுன்னு போகுது. நடுவுல ஆபாச இந்திப் படங்களைத் தடை பண்ணணும்னு ஒண்ணு வேற. எந்தப் புரட்சிக் கமிட்டியிலயும் ஒரு பெரியப்பா உக்காந்திருப்பார் போல.

இதுல கொஞ்சம் தேதியைப் பாருங்க. மகாகாளி ஒப்பந்தம் ஜனவரி 29லதான் காத்மாண்டுவுல முடிவாகுது. பிப்ரவரி 4ல அதை ரத்து பண்ணுங்கன்னு இவங்க கடிதம் குடுக்குறாங்க. 12ஆம் தேதி தேவுபா டெல்லியில உக்காந்து நரசிம்ம ராவோட சேந்து அதே ஒப்பந்தத்துல கையெழுத்து போடுறார், மறுநாள் 13ஆம் தேதி தாக்குதல். ஆரம்பிக்கிறதுன்னு ஏற்கெனவே முடிவு பண்ணவங்களுக்கு பிரதமரே ஒரு சாக்கு எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. கடிதத்தை அரசாங்கம் ஒரு பொருட்டாவே எடுத்துக்கலங்கிறதும் சொல்லணும். அதுக்கு முந்தின நவம்பர்லதான் ரோல்பா மாவட்டத்துல ‘ஆபரேஷன் ரோமியோ’ன்னு பேர் வெச்சு போலீஸ் ஊர் ஊரா பூந்து ஆளைப் புடிச்சிருந்தாங்க, அந்த மாவட்டத்துல அராஜகத்தை நிறுத்துங்கன்னும் லிஸ்ட்ல கேட்டிருந்தாங்க. அந்த ஒண்ணுக்காவது வாயைத் தொறந்து பதில் சொல்லியிருக்கலாம், அதுக்கு பட்ஜெட்டா வேணும், ஒரு ஃபோன் போதும்.

இப்ப நீங்க கேட்ட ‘எதுக்கு லிஸ்ட்’டுக்கு வர்றேன். 13ஆம் தேதி ரோல்பா, ருக்கும், சிந்துலியில அடிச்சது போலீஸ் சாவடிகளை, அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதே நாள் கோர்க்கா மாவட்டத்துல அவங்க போனது எங்கன்னா, விவசாய வளர்ச்சி வங்கியோட ஒரு கிராமத்து ஆபீஸுக்கு, சிறு விவசாயிகளுக்குக் கடன் குடுக்குற எடம். அங்க பீரோவுல இருந்த கடன் பத்திரங்களை வெளிய எடுத்துப் போட்டு எரிச்சாங்க. ஜாமீனுக்கு வாங்கி வெச்சிருந்த நிலப் பத்திரங்களை எரிக்கல, அதை தனியா எடுத்து விவசாயிங்க கையில திருப்பிக் குடுத்தாங்க. ஒரே பீரோ, ஒரு கட்டு நெருப்புக்கு, ஒரு கட்டு வீட்டுக்கு. கடன் தள்ளுபடின்னு 4ஆம் தேதி பிரதமருக்கு எழுதினதை 13ஆம் தேதி தாங்களே செஞ்சு காட்டுறாங்க. அந்தக் கடிதத்துக்கு உறை மேலதான் தேவுபா பேரு, உள்ள இருந்தது அந்த ஊர்க்காரனுக்கு எழுதினது. புதுசா வந்த அரசாங்கம்கிறதும் அவங்களுக்கு பெரிய விஷயமில்ல, யார் அந்த நாற்காலியில இருந்திருந்தாலும் அதே உறைதான், பேர் மட்டும் மாறியிருக்கும். இதை நாடகம்னு சொல்றீங்கன்னா சொல்லுங்க, நான் தடுக்கல, ஆனா பாக்க உக்காந்திருந்தவன் யாருங்கிறதையும் சேத்துச் சொல்லணும்.

2001 ஜூலையில திரும்பவும் தேவுபாவே பிரதமரா வர்றார், போர் நிறுத்தம், மூணு சுத்து பேச்சுவார்த்தை. அப்ப இவங்க முக்கியமா வெச்சது இடைக்கால அரசு, புது அரசியல் சட்டம் எழுதுற அரசியல் நிர்ணய சபை, குடியரசுன்னு மூணுதான். 40 எப்படி 3 ஆச்சு பாருங்க. கையில ஆயுதமும் ஊர்களும் சேந்தப்புறம் குடிதண்ணி, ரோடு, குறைஞ்சபட்ச கூலியெல்லாம் பேச்சு மேசைக்கு வர்றதில்ல. நவம்பர்ல அதுவும் முறிஞ்சு எமர்ஜென்சி வந்துச்சு. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 2006 நவம்பர் 21ல, அதுக்குள்ள 13,000 பேருக்கு மேல செத்திருந்தாங்க, பின்னாடி அரசாங்கம் போட்ட கணக்குல அது 17,000ஐத் தாண்டுச்சு. உங்க உறுத்தலை இந்த நம்பருக்குப் பக்கத்துல வெச்சுப் பாத்தா 4 நாள்ங்கிறது சின்ன விஷயமாத் தெரியும்.

சரி, 40ல எது நடந்துச்சு? எதெல்லாம் 1996ல கேட்டவன் சிரிச்சிருப்பானோ அதெல்லாம் நடந்துச்சு. 240 வருஷத்து மன்னராட்சி 2008 மே 28ஆம் தேதி போயிடுச்சு, இவங்க சலுகையை மட்டும்தான் எடுக்கச் சொல்லியிருந்தாங்க, ராஜாவே போயிட்டார். மதச்சார்பின்மை வந்துச்சு, அரசியல் நிர்ணய சபைக்கு தேர்தல் நடந்து இவங்களே பெரிய கட்சியா வந்தாங்க, சொத்துரிமை சட்டத்துல ஏறுச்சு. சாதாரணமாத் தெரிஞ்சதுதான் நடக்கல. உழுறவனுக்கு நிலம்னாங்க, கமிஷன் போட்டாங்க, அறிக்கை வந்துச்சு, அத்தோட சரி. உள்ளூர்ல வேலைன்னாங்க, இன்னைக்கு நாட்டு வருமானத்துல கால்வாசி வளைகுடாவுலயும் மலேசியாவுலயும் இந்தியாவுலயும் வேலை பாக்குறவங்க அனுப்புற பணம்தான். என் கணிப்பு, ராஜாவை அனுப்ப சபையில கை தூக்கினா போதும், ஆனா நிலத்தை அளந்து பிரிச்சுக் குடுக்க சர்வேயர் வேணும், தாசில்தார் வேணும், இருபது வருஷம் ஒரே வேலையை அலுக்காம செய்யணும், அதுக்குள்ள நேபாளத்துல பத்து பன்னெண்டு பிரதமர் மாறிடுறாங்க.

இதுல பட்டராய் கதை தனி. கடிதம் குடுத்தவரே 2011 ஆகஸ்ட்ல கடிதம் வாங்குற நாற்காலிக்குப் போறார். வெளிநாட்டு சொகுசுக் கார் வேணாம்னு நேபாளத்துலயே தயாரிச்ச முஸ்டாங் வண்டியில போனார், அது நல்லாத்தான் இருந்துச்சு, நான்கூட கைதட்டுனேன். ரெண்டே மாசத்துல டெல்லி வந்து இந்திய முதலீட்டுக்குப் பாதுகாப்பு குடுக்குற ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுட்டுப் போனார். அவர் கட்சிக்குள்ளயே ஒரு கோஷ்டி துரோகம்னு கத்துச்சு. 96 கடிதத்துல அந்நிய மூலதன ஆதிக்கத்துக்கு எதிரா எழுதினவரும் இவர்தானே. அரசியல் நிர்ணய சபை இருக்கே, அது ரெண்டு வருஷத்துல சட்டம் எழுதி முடிக்கணும், நாலு தடவை கெடு நீட்டியும் முடியாம 2012 மே மாசம் சபை முடிஞ்சு போச்சு, அப்பவும் பிரதமர் இவர்தான். தேவுபாவுக்கு ரெண்டு வாரம் கூட முழுசாத் தராத மனுஷன். அரசியல் சட்டம் கடைசியா ரெண்டாவது சபையிலதான், 2015 செப்டம்பர் 20ல வந்துச்சு, ஒரு வாரத்துக்குள்ள அவர் கட்சியை விட்டே வெளிய போயிட்டார்.

நான் அவரைக் கிண்டல் பண்ணலைங்க, கொஞ்சம் பண்றேன்தான், ஆனா அந்த நாற்காலியில இருந்து பாக்கும்போது லிஸ்ட் வேற மாதிரி தெரியும்ங்கிறது அவருக்கும் தெரிஞ்சிருக்கும். 2025 செப்டம்பர்ல வேலை இல்ல, ஊழல்னு தெருவுக்கு வந்த பசங்க தேவுபா வீட்டையும் அடிச்சாங்க, மாவோயிஸ்ட் தலைவர் பிரசண்டா வீட்டையும் அடிச்சாங்க. வேலையும் லஞ்ச ஒழிப்பும் 96 லிஸ்ட்லயே இருக்கு.

கூர்க்கா விஷயம் ஒண்ணு சொல்லிட்டு முடிக்கிறேன். இந்திய ராணுவத்துக்கு நேபாளத்துல ஆள் எடுக்குறது இப்ப நின்னுருச்சு. நிறுத்தி வைங்கன்னு நேபாளம் கேட்டது 2022ல. அப்ப பிரதமர் யாரு, அதே தேவுபா, கூட்டணியில மாவோயிஸ்டும் இருந்தாங்க. ஆனா காரணம் 96 கடிதம் இல்ல, அக்னிபத் திட்டம். நாலு வருஷத்துல முக்கால்வாசி பேரை பென்ஷன் இல்லாம வீட்டுக்கு அனுப்புவீங்களா, அது கூர்க்கா ஆள் எடுக்குறது பத்தி இந்தியா, பிரிட்டன், நேபாளம் மூணும் போட்ட பழைய 1947 ஒப்பந்தத்துல இல்லையேன்னு கேட்டு நிறுத்துனாங்க. போக்ரா பக்கமெல்லாம் விடியக்காலையில ஓடி ஓடி தயாராகுற பசங்களுக்கு அந்த வாசல் மூடிடுச்சு, பதிலுக்குத் தர்றதாச் சொன்ன கௌரவமான உள்ளூர் வேலை இன்னும் வரல. மகாகாளியில வர வேண்டிய பஞ்சேஸ்வர் அணையும் இன்னும் கட்டல, அதுல நிறைய இருக்கு, தனியா எழுதுறேன், இதுவே நீண்டுடுச்சு.

அன்புடன்.