நிறுவனர் போய்விட்டார், ஆம்ப் வாங்கலாமா?

கேள்வி: திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கிறேன். சீட்டு எடுத்த பணத்தில் நல்ல வால்வ் ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வ்களில் ஓடும் கிதார் ஆம்ப்ளிஃபயர்) ஒன்று வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மனதில் வைத்திருந்த அமெரிக்கக் கம்பெனியை ஒரு பெரிய நிறுவனம் வாங்கிவிட்டது. அதை ஆரம்பித்து, எல்லா மாடல்களையும் வடிவமைத்தவர் இப்போது விலகிவிட்டாராம். இனி தரம் போய்விடும், பழைய ஆம்பையே தேடி வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். அவர் புதிதாக ஏதாவது தொடங்கும்வரை காத்திருக்கலாமா என்றும் தோன்றுகிறது. என்ன செய்யட்டும், சார்?

பதில்: கம்பெனியின் பெயரை எழுதியிருந்தீர்கள், அதை இங்கே விட்டுவிட்டேன். எந்தக் கம்பெனி என்றாலும் பதில் கிட்டத்தட்ட இதேதான்.

இப்போது கடையில் இருக்கும் ஆம்ப், கைமாறுவதற்கு முன்பே செய்து கப்பலேறி வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, எப்போது தயாரானது என்று கடைக்காரரிடமே கேளுங்கள். நிறுவனர் இருந்தபோது செய்தது என்று தெரிந்தால் உங்கள் பயத்துக்கு வேலையே இல்லை.

நண்பர்கள் சொல்வதும் சும்மா இல்லை. கிதார் உலகத்தில் இந்தப் பயத்துக்கு ஒரு மூலக்கதை உண்டு. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் 1938இல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது! ஆனாலும் அவர் கம்பெனியின் ஆம்ப்கள் இல்லாத மேடை அமெரிக்காவில் குறைவு என்கிற நிலைமை வந்தது. விடாமல் தொல்லை கொடுத்த சைனஸ் தொற்றால், இனி அதிக நாள் தாங்கமாட்டோம் என்று பயந்து, 1965 ஜனவரியில் சிபிஎஸ் ஒளிபரப்பு நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் 1.3 கோடி டாலருக்கு விற்றார். முந்தைய ஆண்டுதான் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் 80 சதவீதத்தை அதே சிபிஎஸ் 1.12 கோடிக்கு வாங்கியிருந்தது. அப்படியென்றால் இந்த விலை எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். விற்ற பிறகு லியோ வேறொரு டாக்டரிடம் போனார், நோய் குணமாகிவிட்டது. பாவம்.

ஆலோசகர் என்ற பெயரில் 1970 வரை அவருக்கு ஒப்பந்தம் இருந்தது. அவர் சொன்னதை யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. ஆனால் தரம் போன கதையில் நான் உற்றுப் பார்ப்பது லியோவை இல்லை, ஃபாரஸ்ட் வைட்டை. லியோவின் தொழிற்சாலையை நடத்தியவர் அவர். சிபிஎஸ் வந்ததும், வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டரில் ஓடும் புதிய ஆம்ப்களைச் சந்தைக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தது. இவை லியோவின் பெயரைத் தாங்கத் தகுதியற்றவை என்று சொல்லி, ஒப்புதல் தர மறுத்து வேலையை விட்டார். ஆம்ப்கள் எப்படியும் 1966இல் வெளிவந்தன. பழுதாகித் திரும்பி வந்து பெயரைக் கெடுத்தன, சில வருடங்களில் நிறுத்தப்பட்டன.

‘இதை அனுப்பக் கூடாது’ என்று சொல்ல ஒருவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் விஷயம். நிறுவனர் இருக்கும்போது பெரும்பாலும் அந்த ஆள் அவரே. அவர் போன பிறகு அந்த இடத்தில் இன்னொருவர் இருந்தால் தரம் நிற்கும். கணக்குப் பிரிவு மட்டும் இருந்தால் நிற்காது. எனவே நிறுவனர் விலகிய செய்தியைப் படித்த கையோடு, அவருடன் வேலை செய்த தலைமைப் பொறியாளர்கள் இருக்கிறார்களா, தொழிற்சாலை அதே ஊரில் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். உள்ளேயே தொடர்வார் என்ற அறிவிப்பை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். வாங்கும் கம்பெனிகள் எல்லாம் முதலில் அப்படித்தான் சொல்லும். 2021இல் மேசா பூகி என்ற ஆம்ப் கம்பெனியைக் கிதார் கம்பெனியான கிப்சன் வாங்கியபோதும் 1969இல் அதைத் தொடங்கிய ராண்டல் ஸ்மித்துக்கு உள்ளேயே ஒரு கௌரவமான பதவி அறிவித்தார்கள்.

நேர்மாறான கதையும் இருக்கிறது, நண்பர்களிடம் சொல்லுங்கள். ஆம்பெக் கம்பெனியை நடத்திய எவரெட் ஹல்லுக்கு ராக் இசையும் பிடிக்காது, ஆம்ப் உறுமுவதும் பிடிக்காது. சுத்தமான சத்தம்தான் வேண்டும். 1967இல் கம்பெனியை யூனிமியூசிக் என்ற நிறுவனத்துக்கு விற்று, அடுத்த வருடம் வெளியேறினார். 1969இல் வந்ததுதான் 300 வாட் பேஸ் ஆம்ப் எஸ்விடி. ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருட அமெரிக்கப் பயணத்தில் அதைத்தான் மேடையேற்றினார்கள். பேஸ் கிதார்காரர்கள் இன்றுவரை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஹல் இருந்திருந்தால் அது வெளியே வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

பிரிட்டனின் வாக்ஸ் ஆம்ப் கம்பெனி கதை சோகம். டாம் ஜென்னிங்ஸ் 1964இல் பெரும்பங்கை ராய்ஸ்டன் குழுமத்துக்குக் கொடுத்தார், 1967இல் வெளியே போனார், 1969இல் வாங்கியவர்களே திவாலானார்கள். வாக்ஸின் பேர்போன ஏசி30 ஆம்ப் மட்டும் பல கை மாறி, இன்றும் விற்பனையில் இருக்கிறது.

சரி, பழையது வாங்கலாமா? ‘சிபிஎஸ்ஸுக்கு முந்தியது’ என்று சொன்னாலே விலை எகிறும். உள்ளே திறந்து பார்த்தால் அவ்வளவு வித்தியாசம் எல்லா மாடலிலும் இல்லை. 1967–68இல் ஃபெண்டர் ஆம்ப்களின் கருப்பு முகப்பு வெள்ளி நிறத்துக்கு மாறியது. ட்வின் ரிவெர்ப் போன்ற பெரிய மாடல்களில் சர்க்யூட்டிலும் கை வைத்தார்கள். அதையும் மெக்கானிக்குகள் பழையபடி மாற்றிக் கொடுக்கிறார்கள். டீலக்ஸ் ரிவெர்ப், பிரின்ஸ்டன் ரிவெர்ப் போன்ற சின்ன மாடல்களோ எழுபதுகளிலும் பெரிதாக மாறவில்லை. ஒரு தேதிக்கு இந்தப் பக்கம் தங்கம், அந்தப் பக்கம் தகரம் என்பதெல்லாம் விற்பவர்களுக்குச் சௌகரியமான பேச்சு.

பழைய அமெரிக்க ஆம்ப் என்றால் வேறு தலைவலிகள் உண்டு. அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் புகைதான் வரும், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். பல ஆம்ப்களில் எர்த் இல்லாத இரண்டு பின் கம்பி இருக்கும். மைக்கும் கிதாருமாகக் கல்யாண மண்டபத்தில் நிற்கிறவருக்கு அது உயிர் ஆபத்து. மூன்று பின்னுக்கு மாற்றாமல் தொடவே தொடாதீர்கள். பழைய மின்தேக்கிகள் காய்ந்து போயிருக்கும், மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும், ஆர்வத்தில் நீங்களே திறக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்று தொடங்கும் எண் இருந்தால் ஷூமாக்கர் செய்தது. அடுத்து வரும் இலக்கங்கள் வருடமும் வாரமும். விற்பவர் சொல்லும் வருடத்தை அதோடு ஒத்துப் பாருங்கள்.

நிறுவனரின் அடுத்த கம்பெனிக்காகக் காத்திருப்பதை நான் சொல்லமாட்டேன். விற்பவர் கொஞ்ச காலத்துக்குப் போட்டிக்கு வரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது வழக்கம். லியோவுக்கும் அந்தக் கட்டு இருந்தது. மியூசிக் மேன் கம்பெனியில் பின்னாலிருந்து உதவி, 1975இல்தான் தலைவராக வெளியே தெரிந்தார். அந்தக் கம்பெனியின் ஆம்ப்களில் முன்பகுதி டிரான்சிஸ்டர், பவர் பகுதி வால்வ். லியோவின் பெயரை நம்பி பழைய ஃபெண்டர் சத்தத்தை எதிர்பார்த்தவர்களுக்கு வேறொன்று கிடைத்தது. நல்ல ஆம்ப்தான், ஆனால் வேறு ஆம்ப். 1980 வாக்கில் ஜி அண்ட் எல் என்ற கிதார் கம்பெனியைத் தொடங்கி, 1991இல் இறக்கும்வரை அவர் அங்கேயே வேலை செய்தார்.

உங்களுக்கு நான் சொல்வது: மனதில் இருக்கும் அதே மாடலைக் கடையில் வாசித்துப் பாருங்கள், உங்கள் கிதாரையே எடுத்துப் போங்கள். இந்தியாவில் வாரன்டியை யார் ஏற்பார்கள், திருச்சிக்கோ சென்னைக்கோ சர்வீஸ் எங்கே, 12ஏஎக்ஸ்7 மாதிரி எளிதில் கிடைக்கும் வால்வ் போதுமா என்று கேளுங்கள். கம்பெனி கைமாறும்போது முதலில் குழம்புவது பெரும்பாலும் விநியோகஸ்தர் ஏற்பாடுதான், சத்தம் இல்லை. வாரன்டியை எழுத்தில் தராத கடையில் வாங்காதீர்கள்.

அப்புறம், 100 வாட் மாடல் என்று எழுதியிருந்தீர்கள். மேடையில் எப்படியும் ஸ்பீக்கர் முன் மைக் வைத்துத்தான் சவுண்ட்காரர் எடுக்கப் போகிறார். அதே கம்பெனியில் 20 வாட் இருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள். வேனில் ஏற்றி இறக்குவதும் நீங்கள்தானே.