சாய்ந்தது நடுமரம்தான்

கேள்வி: சின்ன வயதில் அப்பாவோடு போய் அடையாறு ஆலமரத்தைப் பார்த்திருக்கிறேன். நடுமரம் எப்போதோ விழுந்துவிட்டதாமே, டீச்சர்? இப்போது என் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் காட்ட அங்கே என்ன இருக்கும்?
- வாசகி, செய்யாறு

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள் அம்மா. விழுந்தது நடுமரம்தான், மரம் இருக்கிறது.

அதற்கு 450 வயது என்று சொல்வார்கள். பிரம்மஞான சபையார், அதுதான் தியாசபிகல் சொசைட்டிக்காரர்கள், 1882-ல் அடையாற்றங்கரையில் இடம் வாங்கியபோதே அது பழைய மரம். அன்னி பெசன்ட், ஜே. கிருஷ்ணமூர்த்தி பேச்சையெல்லாம் ஜனங்கள் அதன் நிழலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். 1989-ல் அடித்த புயல்காற்றில் நடுமரம் சாய்ந்தது. சேதி கேட்டதும் வீட்டுப் பெரியவர் போன மாதிரி இருந்தது எனக்கு. தாவரவியல் சொல்லிக் கொடுக்கிறவள், இது இப்படித்தான் பிழைக்கும் என்று தெரிந்தவள், எனக்கே அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே போனதும் பிள்ளைகளை ஒரு விழுதுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். தொங்கும்போது அது சணல் கயிறு கனம்தான் இருக்கும். நுனி மட்டும் வெளிறி, ஈரமாக, நகம் பட்டாலே நசுங்குகிற மாதிரி இருக்கும். அது மண்ணைத் தொட்டு வேர் பிடித்துவிட்டால் இறுகும், பருக்கும், நாளடைவில் இன்னொரு அடிமரமே ஆகிவிடும். தலைக்கு மேலிருக்கும் கிளையைத் தாங்குவதோடு, அதற்கு வேண்டிய தண்ணீரையும் தானே ஏற்றும். அப்புறம் அந்தக் கிளைக்கு நடுமரத்தின் தயவு வேண்டாம்.

கல்கத்தா பக்கத்திலிருக்கும் ஹௌரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரமும் இப்படித்தான். 1864, 1867 புயல்களில் அடிபட்டுப் பூஞ்சை பிடித்த நடுமரத்தை 1925-ல் எடுத்தே விட்டார்கள். ஆயிரக்கணக்கான விழுதுகளை ஊன்றிக்கொண்டு அது இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் விழுதைப் பிடித்து ஆட ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். ஒரு தடவை நான் கூட்டிப் போன பெண்களில் ஒருத்தி விளையாட்டாக இழுத்தாள், நுனி கையோடு வந்துவிட்டது. மண்ணைத் தொட அதற்கு ஒரு சாண்தான் பாக்கி இருந்தது.

கேள்வி: எங்கள் மொட்டைமாடிச் சுவரில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. பிடுங்க மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், மதுரை

பதில்: பழம் தின்ற பறவை போட்ட விதை அது. விட்டுவைத்தால் வேர் விரிசலுக்குள் இறங்கிச் சுவரைப் பிளந்துவிடும். இரண்டு மூன்று இலை இருக்கும்போதே சுவரை நன்றாக நனைத்து, வேர் அறாமல் மெல்ல உருவித் தொட்டியில் வையுங்கள். மழைக்காலம் வந்ததும் ஊராரைக் கேட்டுக்கொண்டு, வீடுகளுக்குத் தள்ளிக் கண்மாய்க் கரையில் நடுங்கள். ஆடு வாய் வைக்காமல் சுற்றிலும் முள் கட்டிவிடுங்கள், ஆலந்தழை என்றால் ஆட்டுக்கு உயிர்.