பாங்கோ வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்விகளும் பதில்களும்

ஒன்றாக இணைத்த இரண்டு சிறு தோல் கருவிகளைக் கைகளால் தட்டி வாசிக்கும் பாங்கோவை வாசிப்பதையும், தோல் மாற்றிச் சுருதி சேர்ப்பதையும் நெடுங்காலமாகச் செய்து வருகிறேன். முதல் செட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பலர் அனுப்பிய கேள்விகளை இங்கே வரிசைப்படுத்திப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்குச் சிறிய அளவு போதுமா? விற்பனையில் பல அளவுகள் இருப்பதால் குழப்பமாக இருக்கிறது.

பாங்கோ ஜோடியில் சிறியதற்கு மாச்சோ என்றும் பெரியதற்கு எம்ப்ரா என்றும் பெயர். ஸ்பானிய மொழியில் ஆண், பெண் என்று பொருள்படும் இந்தப் பெயர்கள், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கருவி உருவான கிழக்குக் கியூபாவிலிருந்து அதனுடனேயே வந்தவை. பெரியவர்கள் வாசிப்பதற்கு மாச்சோ ஏறத்தாழ 7 அங்குலமும் எம்ப்ரா ஏறத்தாழ எட்டரை அங்குலமும் விட்டம் கொண்டிருப்பதே வழக்கமான அளவு; கால் அங்குலம் கூடக் குறைய இருந்தால் கவலைப்பட வேண்டாம். 6 அங்குலம், 7 அங்குலம் என்று வரும் சிறிய ஜோடி குழந்தைகளின் கைக்குப் பொருந்தும். பெரியவர் அதை வாங்கினால் எம்ப்ராவின் ஒலியில் அடர்த்தி இல்லாததைச் சில மாதங்களிலேயே உணர்ந்துவிடுவார். ஆகவே முதலிலேயே முழு அளவை வாங்குங்கள்.

கேள்வி: தோலைத் தாங்கும் உடற்பகுதியான கட்டை மரத்தில் இருப்பது நல்லதா, ஃபைபர் கிளாஸில் இருப்பது நல்லதா?

ஃபைபர் கிளாஸ் கூர்மையாகவும் உரக்கவும் ஒலிக்கும்; ஈரப்பதம் அதை ஒன்றும் செய்யாது. ஒலிபெருக்கி இல்லாமல் பெரிய குழுவோடு வாசிப்பவர்களுக்கு அது உதவும். தனியாகப் பயிற்சி செய்யவும் ஒலிப்பதிவுக்கும் மரத்தின் கனிந்த ஒலியையே நான் விரும்புகிறேன். பீப்பாய்க்குச் செய்வதைப் போல மரப் பட்டைகளைப் பக்கவாட்டில் ஒட்டித்தான் பெரும்பாலான கட்டைகளைச் செய்கிறார்கள். விளம்பரத்தில் 'சயாம் ஓக்' என்று காணப்படுவது உண்மையில் ரப்பர் மரமே. அதனால் அதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. நன்றாக உலர்த்திச் செய்திருந்தால் அது உறுதியான மரம்தான். மரத்தின் பெயரைக் காட்டிலும் ஒட்டின் தரம் முக்கியம் என்பதால், கட்டையைக் கவிழ்த்து, உட்புறம் வெளிச்சம் அடித்து, பட்டைகளுக்கு இடையே மயிரிழை அளவுக்கேனும் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கடையில் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? தட்டிப் பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரிதான் கேட்கிறது.

கடையில் எல்லா செட்டும் தளர்வாகவே வைக்கப்பட்டிருக்கும் என்பதால்தான் அப்படிக் கேட்கிறது. பாங்கோவின் உயிர் இறுக்கத்தில் இருக்கிறது. அதிலும் மாச்சோவை, தட்டினால் கணீரென்று தெறிக்கும் அளவுக்கு மிக உயர்ந்த சுருதியில் நிறுத்த வேண்டும். அந்த இழுவையை மாதக்கணக்கில் தாங்கும் இரும்பு வேலைப்பாடு இருக்கிறதா என்பதே வாங்குபவர் கண்டறிய வேண்டிய முதல் செய்தி. நான் முதன்முதலில் வாங்கிய செட் பார்வைக்கு மிக அழகாக இருந்தது. வீட்டில் மாச்சோவை இறுக்கிக்கொண்டிருந்தபோது, தோலை இழுத்துப் பிடிக்கும் இரும்பு வளையத்தைப் பிடித்திருந்த கொக்கி ஒன்று மெல்ல நிமிர்ந்து, வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தோல் சுருங்கிப் போயிற்று. அந்த மாச்சோ அதற்குப் பிறகு சுருதியில் நிற்கவே இல்லை.

ஆகவே கடைக்காரரிடம் அனுமதி பெற்று, ஸ்பேனரால் ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று மட்டும் திருப்பி, அடுத்ததற்கு நகர்ந்து, வட்டமாக இரண்டு மூன்று முறை வாருங்கள். பிறகு விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, ஒவ்வொரு போல்ட்டுக்கும் எதிரே, ஆள்காட்டி விரலால் தட்டுங்கள். நான்கைந்து இடங்களிலும் ஏறக்குறைய ஒரே சுருதி கேட்டால் கட்டையின் விளிம்பும் தோலும் ஒழுங்காக இருக்கின்றன என்று கொள்ளலாம். ஓரிடம் மட்டும் மந்தமாகவே ஒலித்து, எவ்வளவு சரிசெய்தும் மாறவில்லை என்றால் அந்தச் செட்டை விட்டுவிடுங்கள். இறுதியாக, இரண்டையும் இரு கைகளில் பிடித்து மெல்ல முறுக்கிப் பாருங்கள். நடுவில் இரண்டையும் இணைக்கும் துண்டில் அசைவோ கிரீச்சொலியோ இருந்தால், வாசிக்க வாசிக்க அது மோசமாகுமே தவிரக் குறையாது.

கேள்வி: இயற்கைத் தோலா, செயற்கைத் தோலா?

மாட்டுத் தோல், எருமைத் தோல் போன்றவற்றின் ஒலியில் விரல் பட்ட இடத்திற்கேற்ப நுட்பமான வேறுபாடு தெரியும். மாச்சோவிற்கு மெல்லிய தோலும் எம்ப்ராவிற்குச் சற்றுத் தடித்த தோலும் பொருந்தும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, தடிமன் ஓரளவு சீராக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். காற்றில் ஈரம் கூடினால் இயற்கைத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வறண்டால் இறுகி ஏறும். திருகி இறுக்கும் இரும்பு அமைப்பு வருவதற்கு முன், ஆணியடித்துப் பொருத்திய தோலைத் தீயில் காய்ச்சித்தான் சுருதி ஏற்றினார்கள். வெளியிடங்களில் அடிக்கடி வாசிப்பவர் செயற்கைத் தோலை வாங்கலாம். மற்றவர்களுக்கு, குறிப்பாகக் காதைப் பழக்கிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு, இயற்கைத் தோலையே பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: அரை மணி நேரம் வாசித்தாலே விரலடி வலிக்கிறது. செட்டில் குறையா?

வளையத்தின் மேல்விளிம்பு தோலின் மட்டத்திற்குக் கீழே இருக்க வேண்டும். சம உயரத்திலோ மேலேயோ இருந்தால் விரல் ஒவ்வொரு தட்டிலும் இரும்பில் மோதும். விளிம்பு உருண்டையாக வளைக்கப்பட்ட வளையம் இன்னும் இதமானது. வாங்கும் முன் விரலை விளிம்பின் மேல் ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேள்வி: நான் இடது கைக்காரன். எனக்கெனத் தனிச் செட் உண்டா?

தேவையில்லை. வலது கைக்காரர்கள் மாச்சோவை இடப்பக்கம் வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் செட்டைத் திருப்பி வைத்தால் போதும்.

கேள்வி: ஒருவர் பழைய செட் தருகிறார். வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். தோல் கிழிந்திருந்தாலும் மாற்றிக்கொள்ள முடியும். கட்டை கோணியிருந்தால்தான் வழி இல்லை. ஆகவே வாய்ப்பகுதியின் விட்டத்தை நாடாவால் குறுக்கும் நெடுக்குமாக அளந்து, இரண்டு அளவும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். நட்டுகள் கையாலேயே பாதி தூரம் வரை தடையின்றிச் சுழல வேண்டும். மரை தேய்ந்த போல்ட்டு இருந்தால், அதே அளவில் மாற்று கிடைக்கும் என்பதை உறுதி செய்த பின்பே பணம் கொடுங்கள்.

கேள்வி: ஸ்டாண்டும் சேர்த்து வாங்க வேண்டுமா?

இப்போது வேண்டாம். உட்கார்ந்து முழங்கால்களுக்கு இடையே பிடித்து வாசிப்பதே இக்கருவியின் மரபு. மார்த்தியோ என்னும் அடிப்படைத் தாளமும் அந்த நிலையில்தான் கைக்கு எளிதாகப் படியும். செட்டோடு அதற்குரிய ஸ்பேனர் வருகிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். இயற்கைத் தோல் போட்ட மாச்சோவை வாசித்து முடித்த பின் ஒவ்வொரு முறையும் சற்றுத் தளர்த்தி வைக்க வேண்டும். அதற்கு அந்த ஸ்பேனர் தினமும் தேவைப்படும்.