போரில் கை கால் இழந்த அமெரிக்க வீரர்களை மீன் பிடிக்க அழைத்துப் போகிறார்களாமே, அதில் என்ன சிகிச்சை இருக்கிறது?

கேள்வியில் கொஞ்சம் கிண்டல் தெரிகிறது. பரவாயில்லை, ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனாரும் இதையேதான் கேட்டார்: "தூண்டிலப் போட்டுட்டு சும்மா உக்காந்திருக்கறதுக்குப் பேரு வைத்தியமா மாப்ள?"

நான் மேரிலாந்தில் இருக்கிறேன். மீன் பிடிப்பதில் பெரிய ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். இரவில் கார் ஓட்ட அவருக்குக் கண் ஒத்துழைப்பதில்லை. வாரம் ஒரு மாலை அவரை முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் நடக்கும் ஃப்ளை ஃபிஷிங் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவேன். வராந்தாவில் போனைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பது? உள்ளே போய் உட்கார்ந்தேன், இப்போது அங்கே நானும் ஒரு எடுபிடி.

முதலில் ஒரு விஷயம். இது நாம் நினைக்கிற தூண்டில் இல்லை. நம்ம ஊரில் முள்ளில் மண்புழுவைக் கோத்து, தக்கை கட்டி, ஈயக் குண்டு வைத்து வீசுவோம். குண்டின் கனம் தங்கூஸ் நரம்பை இழுத்துக்கொண்டு போய்விடும். ஃப்ளை ஃபிஷிங்கில் குண்டும் இல்லை, புழுவும் இல்லை. சின்ன முள்ளில் இறகும் ரோமமும் நூலும் சுற்றிச் செய்த ஒரு பொய்ப்பூச்சி, அவ்வளவுதான். அதைத்தான் ஃப்ளை என்கிறார்கள். ஊதினால் பறந்துவிடும், அதை எப்படித் தூரமாக வீசுவது? கனத்தை நரம்பிலேயே வைத்திருக்கிறார்கள். பளிச்சென்ற நிறத்தில், பிளாஸ்டிக் பூசிய தடித்த நரம்பு அது. ஒன்பது அடிக் கழியைப் பின்னால் கொண்டுபோய் டக்கென்று நிறுத்தினால் நரம்பு காற்றில் பின்பக்கமாக விரிந்து நீளும். முழுசாக நீளும்வரை பொறுத்திருந்து அதன் பிறகு முன்னால் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டால் சாட்டை சொடுக்குகிற சத்தம் கேட்கும், பூச்சி அறுந்து போயிருக்கும். பலத்தைக் காட்டினால் நரம்பு மொத்தமும் நம் தலையிலேயே வந்து விழும். புஜபலம் உள்ளவர்கள்தான் முதல் வாரம் அதிகம் திணறுகிறார்கள். ஒரு கைதான் இருக்கிறது, தோளில் பாதி அசைவுதான் மிச்சம் என்பவர்களும் ஓரளவு சமமாகத் தொடங்க முடிகிற வேலை இது.

உடம்புக்கு இது நல்லது என்பதை முதலில் கண்டுகொண்டது ராணுவத்துக்காரர்கள் இல்லை. 1996-லேயே வெர்மான்ட் மாநிலத்தில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்காக காஸ்டிங் ஃபார் ரெகவரி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அறுவைக்குப் பிறகு தோளும் கையும் இறுகிவிடும். கழியை வீசுகிற அசைவு, டாக்டர் செய்யச் சொல்லும் பயிற்சியின் அசைவுக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது என்பது அதன் அடிப்படை.

வீரர்கள் பக்கம் இது வந்த கதைக்கு வாஷிங்டன் நகரில் இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்குப் போகவேண்டும். எட் நிக்கல்சன் என்ற ஓய்வுபெற்ற கடற்படை கேப்டன் 2004-ல் அங்கே அறுவை சிகிச்சைக்குப் போயிருந்தார். இராக், ஆப்கானிஸ்தான் போர்கள் நடந்துகொண்டிருந்த நேரம். கவச உடை மார்பைக் காப்பாற்றிவிடும், சாலையோரக் குண்டு கையையும் காலையும் எடுத்துக்கொண்டு போய்விடும். முன்பெல்லாம் பிழைத்திருக்கவே மாட்டார்கள் என்கிற அளவுக்கு அடிபட்ட இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள் நடைவழி முழுக்க. இவர்களைத் தன்னோடு மீன் பிடிக்கக் கூட்டிப் போனால் என்ன என்று நிக்கல்சனுக்குத் தோன்றியிருக்கிறது. 2005-ல் மருத்துவமனைப் புல்வெளியிலேயே கழியை வீசக் கற்றுக்கொடுப்பதில் ஆரம்பித்தார்கள். அதுதான் ப்ராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ் ஃப்ளை ஃபிஷிங் என்ற அமைப்பாக வளர்ந்தது. ட்ரௌட் அன்லிமிடெட் போன்ற மீன்பிடிச் சங்கங்களின் உள்ளூர்க் கிளை ஆட்கள் தன்னார்வலர்களாக வந்தார்கள். வீரர்களிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. ஒரு கட்டத்தில் நாடு முழுக்க 200 இடங்களுக்கு மேல் வகுப்பு நடந்தது. அந்தப் பழைய வால்டர் ரீட் வளாகம் 2011-ல் மூடப்பட்டு மேரிலாந்தில் உள்ள பெதஸ்டாவுக்குப் போய்விட்டது.

இந்த அமைப்புகளின் வீடியோக்களைப் பார்த்தால் பின்னணியில் பியானோ, பனிமூட்டம், ஆற்றின் நடுவில் செயற்கைக் கால் வைத்த வீரர், கையில் மின்னும் ட்ரௌட் என்கிற குளிர்நீர் மீன். எனக்கு அந்த வீடியோக்கள் மேல் கொஞ்சம் சலிப்பு. ஆறு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வேலை நடக்கிற இடம் ஆறு என்று நான் நினைக்கவில்லை. ஜன்னல்கூட இல்லாத ஓர் அறையில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், மடக்கு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பொய்ப்பூச்சி கட்டுகிற அந்த ஒன்றரை மணி நேரம்தான் சிகிச்சை என்பது என் கட்சி.

புதிதாக வருபவருக்கு முதலில் கட்டக் கொடுப்பது பெரும்பாலும் வுல்லி பக்கர் என்ற வகை. மேசை விளிம்பில் ஒரு குட்டி வைஸ் இருக்கும், அதன் வாயில் முள்ளைக் கவ்வ வைப்பார்கள். முதலில் நூலை முள்தண்டு முழுக்க நெருக்கிச் சுற்றவேண்டும். பிறகு வாலுக்கு மாரபூ என்கிற பஞ்சு மாதிரியான இறகைக் கொஞ்சம் வைத்துக் கட்டவேண்டும். உடம்புக்கு ஷெனில் என்கிற மெத்தென்ற நூல், அதன் மேல் சேவலின் கழுத்து இறகு ஒன்றைத் திருகாணி மரை போல வாலிலிருந்து தலைவரை சுற்றிக்கொண்டு வரவேண்டும். தலைப்பக்கம் முடிச்சு, ஒரு சொட்டுப் பசை. எழுதுவதற்குச் சுலபம். கை நடுங்குகிறவருக்கு இது மலை. என் எதிரில் உட்காருபவர் இராக்கில் குண்டுவெடிப்பில் தலையில் அடிபட்டவர், வலது கை நிற்காமல் ஆடும். கை ஆடினால் நூல் முள்முனையில் உரசும், உரசினால் அறுந்துவிடும். அறுந்தால் இறகு மொத்தமும் பொலபொலவென்று அவிழ்ந்துவிடும். அவர் என்ன செய்தார் தெரியுமா? மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி, மூச்சை வெளியே விடுகிற நேரத்தில் மட்டும் ஒரு சுற்று. மறுபடி மூச்சை இழுத்து, விடும்போது அடுத்த சுற்று. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. துப்பாக்கி சுடும்போது பழகியது என்றார் பிறகு. இன்று புதுசாக வருகிற நடுக்கக்காரர்களை நேராக அவர் பக்கத்தில்தான் உட்கார வைக்கிறோம்.

ஒரு கை இல்லாதவர்கள் பல்லால் நூலை இழுத்துப் பிடிப்பார்கள். ஆற்றிலும் அப்படித்தான், மீன் மாட்டியதும் நரம்பைப் பல்லால் கவ்விக் கவ்வி இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். கழியை முன்னங்கையோடு சேர்த்துக் கட்ட வார் உண்டு, மார்பில் மாட்டிக் கழியைச் செருகும் கூடு உண்டு. சக்கர நாற்காலிக்காரர்களை ட்ரிஃப்ட் போட் என்கிற ஆற்றுப் படகில் ஏற்றி உட்காரவைத்துவிடலாம். ஆனால் பாசி பிடித்த கல்லில் செயற்கைக் காலோடு நின்று மீன் பிடித்தே தீருவேன் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு பக்கமும் ஆள் போகவேண்டும். கால் வழுக்குவது அவர்களுக்கே தெரியாது, பாதத்தில் உணர்ச்சி இல்லையே.

மறுபடியும் மேசைக்கு வருகிறேன். எல்லோர் கண்ணும் அந்தச் சின்ன முள்மேல் இருக்கும். யாரும் யார் முகத்தையும் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. மனநல மருத்துவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தால் வாயே திறக்காத மனுஷன், இங்கே இறகைச் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல், "எனக்கு மூணு நாளாத் தூக்கமில்லை" என்பார். பக்கத்து ஆளும் தலை நிமிரமாட்டார். "என்ன மாத்திரை போடறே?" என்பார். முடிந்தது. அதற்கு மேல் யாரும் தோண்டுவதில்லை. போர் பற்றிப் பேசு என்று இந்த அறையில் யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கத்தரிக்கோலைக் கொடு, பசை எங்கே, உன் சேவல் இறகு மட்டம், இந்த மாதிரிப் பேச்சுத்தான் முக்கால்வாசி. பட்டாளத்தில் கூட இருந்தவர்களோடு இப்படித்தான் பேசியிருப்பார்கள் போல. ஊருக்குத் திரும்பியதும் அது ஒரே நாளில் நின்றுவிடுகிறது. பொண்டாட்டி பிள்ளைகளிடம் சொல்ல முடியாது, ஆபீஸில் சொல்லவே முடியாது.

என் பக்கத்து வீட்டுக்காரர் தலைமுறைக்கு இன்னும் மோசம். வியட்நாமிலிருந்து வந்தபோது வரவேற்க ஆளில்லை, சங்கம் கூட்டம் எதற்கும் போகாமல் நாற்பது வருஷம் ஓட்டியவர். இப்போது பேரன் வயசுப் பையன்களுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்கிறார். வகுப்புக்கு வராவிட்டால் அவர்களில் யாராவது போன் செய்துவிடுவார்கள்: "என்ன சார்ஜன்ட், எங்கே ஆளைக் காணோம்?" அந்த போனுக்காகவே சில சமயம் வேண்டுமென்றே மட்டம் போடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

ஆராய்ச்சி ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். 2013-ல் மிலிட்டரி மெடிசின் இதழில் ஒரு சிறு ஆய்வு வந்தது. பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பு, உள்ள 74 முன்னாள் வீரர்களை மூன்று இரவு தங்கும் ஃப்ளை ஃபிஷிங் பயணத்துக்கு அழைத்துப்போய், முன்னும் பின்னும் விசாரித்திருக்கிறார்கள். தூக்கம், பதற்றம், பிடிஎஸ்டி அறிகுறிகள் எல்லாமே ஆறு வாரம் கழித்தும் முன்பைவிடத் தேவலையாக இருந்தன. சந்தோஷம்தான். ஆனால் பயணம் போகாத இன்னொரு குழுவோடு ஒப்பிடவில்லை, எண்ணிக்கையும் சிறியது. போகிறேன் என்று கை தூக்குகிறவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் தெம்பு உள்ளவர்களாக இருந்திருக்கலாம். எனவே மாத்திரையை நிறுத்திவிட்டுத் தூண்டிலை எடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கே வருகிற எல்லோரும் டாக்டரிடமும் போய்க்கொண்டிருப்பவர்கள்தான். எனக்கு அந்த ஆய்வில் உறுத்துவது ஏழாவது வாரம். பயணம் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று, அடுத்து? அதனால்தான் ஒரு தடவை தூரத்து மொன்டானா மாநிலத்து ஆற்றுக்குக் கூட்டிப்போவதைவிட வாராவாரம் அந்த ட்யூப்லைட் அறையைத் திறந்து வைப்பது பெரிசு என்கிறேன்.

பாவம் மீன் என்று ஒரு கட்சி உண்டு. நியாயம்தான். முள்ளில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிட்டுத்தான் வீசுகிறார்கள், மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்கிறார்கள், பிடித்ததை உடனே ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். அப்படியும் வலிக்காமல் இருக்காது. மீன் வாயைத் திறந்து திணறுவதைப் பார்க்கமுடியாமல் முள்முனையையே வெட்டிவிட்டு வீசுகிறவர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். மீன் வந்து பூச்சியைத் தட்டிவிட்டுப் போகும், அவருக்கு அது போதும். அவரை யாரும் கேலி செய்வதில்லை.

நம்ம ஊரில் செய்யலாமா என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். ட்ரௌட் நமக்கு அந்நியம் இல்லை, நீலகிரி அவலாஞ்சியில் 1907-லேயே ட்ரௌட் பண்ணை வைத்துவிட்டார்கள். ஆனால் ட்ரௌட்டுக்காகக் காத்திருக்கவேண்டியதே இல்லை. மேசையும் வைஸும் சேவல் இறகும் போதும், சேவலுக்கா நம்மிடம் பஞ்சம்?

அமெரிக்காவில் இருக்கிற தமிழர்கள் யாருக்காவது உதவ ஆசை இருந்தால், பக்கத்தில் இருக்கும் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ரெக்ரியேஷன் தெரபி (பொழுதுபோக்கு வழிச் சிகிச்சை) பிரிவைக் கேளுங்கள். மீன் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டாம், கார் ஓட்டத் தெரிந்தாலே வேலை இருக்கிறது. கைரேகை எடுப்பார்கள், காசநோய்ப் பரிசோதனை கேட்கலாம், அனுமதி வர நாளாகும். இடையில் ஒரு தடவை போன் செய்து நினைவுபடுத்துங்கள், இல்லாவிட்டால் உங்கள் விண்ணப்பம் எங்காவது காகிதக் கட்டுக்கு அடியில் கிடக்கும்.