போருக்குச் சென்ற பூட்டனார்

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியப் படையில் சேர்ந்த எனது பூட்டனார் திரும்பவேயில்லை. அவர் எங்கு இறந்தார் என்று எவ்வாறு அறியலாம்?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் பெயர்ப்பதிவில் முதலில் தேடுங்கள்; 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரை இறந்த படையினரின் விபரங்களை அதில் கட்டணமின்றிப் பார்க்கலாம். நமது பெயர்கள் ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்பட்டிருக்கும் என்பதால், தந்தையார் பெயரைக்கொண்டும் தேடுவது அவசியம். இடப்பெயர்வுகளில் வன்னிக் குடும்பங்கள் பெட்டகங்களோடு கடிதங்களையும் இழந்த துயரத்தை நன்கறிவேன். ஆயினும் உறவினரிடம் ஒரு தந்தியேனும் எஞ்சியிருந்தால், அதிலுள்ள படை இலக்கம் பெயரைவிட உறுதியான தடயமாகும். கல்லறை அறியப்படாதோரின் பெயர்கள் நினைவுச் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. சிங்கப்பூரின் கிராஞ்சியில் மட்டும் 24,000 இற்கும் அதிகமான பெயர்கள் உள்ளன. ஆகவே, பெயர் பொறிக்கப்பட்ட இடத்தையே அவர் இறந்த இடமாகக் கொண்டுவிடாதீர்கள்.