காபரேக்கு அழைக்கும் அக்கா மகன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். மகளைப் பார்க்க அடுத்த மாதம் மனைவியுடன் அமெரிக்கா செல்கிறேன். என் அக்கா மகன் அங்கே கிழக்குக் கரை நகரம் ஒன்றில் கணினித் துறையில் வேலை செய்கிறான். தான் ஒரு தன்பாலீர்ப்பாளன் என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் வீட்டில் சொல்லிவிட்டான். அக்கா இன்றுவரை அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அவன் ஒரு கே ஆண்கள் கோரஸில் பாடுகிறானாம். சென்ற வாரம் தொலைபேசியில், "மாமா, எங்கள் குழு காபரே நடத்தப்போகிறது. ஒத்திகை நடந்துகொண்டிருக்கிறது. நான் தனியாக ஒரு பாட்டுப் பாடுகிறேன். நீங்களும் அத்தையும் கட்டாயம் வரவேண்டும்" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசனை. பாட்டுக்கு ஏது சாதி, ஏது பால்? இவர்களுக்கு எதற்குத் தனியாக ஒரு கோரஸ்? கண்ணியமாக நடத்துங்கள் என்று கேட்கிறவர்கள் காபரே ஆடலாமா? என் மனைவி அந்தச் சொல்லைக் கேட்டதும், "அவன் எதை உடுத்திக்கொண்டு வருவான்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. போகலாமா?

எம்.,
கோவை

அன்புள்ள எம்.,

உங்கள் மனைவியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தில் உள்ளவற்றில் நேர்மையான கேள்வி அதுதான்.

காபரே என்ற சொல் நமக்குச் சினிமா வழியாக வந்தது. எழுபதுகளின் படங்களில் கடத்தல்காரன் உட்கார்ந்திருக்கும் ஹோட்டல், சிவப்பு விளக்கு, புகை, ஜிகினா உடையில் ஒரு பெண், ஒட்டுத்தாடியோடு கதாநாயகன். நம் தலைமுறை அந்தச் சொல்லை அந்த இருட்டுக்குள்தான் முதலில் பார்த்தது. அதன் சொந்த ஊரில் அதற்கு வேறு பொருள். பிரெஞ்சில் காபரே என்றால் மதுக்கடை. 1881-இல் பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் 'கறுப்புப் பூனை' என்ற பெயரில் ரொடோல்ஃப் சாலிஸ் திறந்த கடையில் கவிஞர்களும் பாடகர்களும் மேசைகளுக்கு நடுவே எழுந்து நின்று பாடினார்கள், அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்தார்கள். பாடுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் இடையே திரை கிடையாது, வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம் கிடையாது, ஒரு கோப்பைதான் இருக்கும்.

பெர்லினுக்கு அது 1901-இல் போனது. முதல் உலகப்போருக்குப் பின் அந்த நகரத்தின் காபரேக்களில்தான் தன்பாலீர்ப்பாளர்கள் தங்களைப் பற்றித் தாங்களே பாடிக்கொண்டார்கள். 1920-இல் அங்கே வெளிவந்த 'ஊதாப் பாட்டு' இதற்கென்றே எழுதப்பட்டது. பாலியல் ஆய்வுக்கென்று பெர்லினில் ஒரு நிறுவனம் நடத்திவந்த மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டுக்குக் காணிக்கையாக்கப்பட்ட பாட்டு அது. 1933 மே மாதம் நாஜிகள் அந்த நிறுவனத்தைச் சூறையாடி, அதன் நூல்களை நகரச் சதுக்கத்தில் போட்டு எரித்தார்கள். பெர்லின் காபரேக்களின் பெயர்பெற்ற பாடகர்களில் ஒருவரான பால் ஓ'மோண்டிஸ் 1940-இல் சாக்சன்ஹாசன் வதைமுகாமில் இறந்தார். ஆகவே உங்கள் அக்கா மகன் காபரே என்று சொல்லும்போது அவன் காதில் கேட்பது நம் சினிமா அல்ல. நம் காதைத்தான் நாம் கொஞ்சம் கழுவிக்கொள்ள வேண்டும்.

உடை? பெரும்பாலும் சட்டை, கோட்டு. ஒருவேளை ஜிகினா வைத்த கோட்டு. பெண் வேடத்தில் வருகிறவர்களும் இருக்கக்கூடும். கூத்தில் விடிய விடிய ஆண்கள் திரௌபதியாக வந்ததைப் பார்த்த நாட்டுக்காரர் நீங்கள், அதற்கெல்லாம் அசரமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு நண்பர் தாம் பாடும் கே ஆண்கள் கோரஸின் ஒத்திகைக்கு என்னை அழைத்துச் சென்றார். அதுவும் காபரேக்கான ஒத்திகைதான், இன்னும் மூன்று வாரம் இருந்தது. தேவாலயம் ஒன்றின் அடித்தளக் கூடம். மடக்கு நாற்காலிகள், பியானோ, மூலையில் ஆறிப்போன காபி. முதல் அரை மணி நேரம் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். உயர்ந்த குரலிலிருந்து தாழ்ந்த குரல்வரை முதல் டெனர், இரண்டாம் டெனர், பாரிடோன், பேஸ் என்று நான்கு பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி மெட்டு, நான்கும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்காரும். நம் பஜனையில் எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுகிறோம். பாளையங்கோட்டையிலோ சென்னையிலோ பழைய தேவாலயப் பாடகர் குழுவைக் கேட்டிருந்தால் இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். கோரஸில் பாடுகிறவன் முதலில் கற்றுக்கொள்வது தன் குரல் தனியாகத் தெரியாமல் பாடுவதை. நீண்ட வரிகளில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்செடுக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவன் மூச்செடுக்கும்போது நான் பிடித்துக்கொள்வேன், நான் விடும்போது அவன் பிடித்துக்கொள்வான். கேட்கிறவருக்கு வரி அறுபடவே அறுபடாது. நுரையீரலை நாற்பது பேருக்குப் பொதுவில் வைப்பது மாதிரி.

பிறகு தனிப்பாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அறுபதை நெருங்கும் ஒருவர், பேஸ் பிரிவு, இருபது ஆண்டுகளாகப் பின்வரிசை. கோரஸில் ஆளுக்கொரு கறுப்புக் கோப்பு உண்டு. பாட்டுத்தாள் அதில் இருக்கும், இரண்டு கைக்கும் வேலை இருக்கும். காபரேயில் கோப்பு கிடையாது. அவர் கைகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போய்விட்டது. முதலில் கால்சட்டைப் பைக்குள் போயின, பிறகு முதுகுக்குப் பின்னால், திருக்குறள் ஒப்பிக்க நிற்கும் பையனைப்போல. பியானோவில் இருந்த இயக்குநர் தலையைத் தூக்கி, "ஒரு கையை இதன்மேல் வையுங்கள். இன்னொன்றை மறந்துவிடுங்கள்" என்றார்.

அடுத்தது மைக். பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கு எட்டப் பாடிப் பழகிய குரல். காபரேயில் மைக் உதட்டருகே இருக்கிறது, கேட்கிறவர் மூன்றடி தொலைவில் இருக்கிறார். அங்கே அப்படிப் பாடினால் அது கத்தல். பேச்சின் அளவுக்குக் குரலை இறக்க வேண்டும். அவருக்கு அது வரவில்லை. நான்கு முறை நிறுத்தினார்கள். பாட்டுக்கு முன் சபையிடம் நாலு வார்த்தை பேசுவதும் காபரேயில் உண்டு. அவர் எழுதிவைத்திருந்த முன்னுரை பாட்டைவிட நீளம். இயக்குநர் இரக்கமே இல்லாமல் வெட்டினார். கடைசியில் எஞ்சியது ஒரே வாக்கியம்: "என் அம்மா பாத்திரம் கழுவும்போது பாடும் பாட்டு இது." ஐந்தாவது முறை அவர் அதைச் சொல்லிவிட்டுப் பாடியபோது குரல் தானாகவே இறங்கியது.

அது ஒரு பெண் தன் காதலனைப் பற்றிப் பாடும் பழைய பாட்டு. ஆண் பாடகர்கள் அத்தகைய பாட்டைப் பாடும்போது 'அவன்' என்பதை 'அவள்' என்று மாற்றிவிடுவது அங்கே வழக்கம். ஆங்கிலத்தில் வினைச்சொல் பாலைக் காட்டிக்கொடுக்காது, அந்த ஒரு சொல்லை மாற்றினால் போதும், காரியம் முடிந்தது. இவர் மாற்றவில்லை. அம்மா பாடியபடியே 'அவன்' என்று பாடினார். ஆழ்வார் பராங்குச நாயகியாகி, ஒருவனுக்காக உருகிப் பாடியதை நாம் தலைமேல் வைத்திருக்கிறோம். அதில் ஆண் பெண்ணாகிப் பாட வேண்டியிருந்தது. இங்கே ஒரு மனிதர் ஆணாகவே நின்றுகொண்டு பாடினார். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. பாட்டில் யார் யாரை விளிக்கிறார்கள் என்பது நமக்கும் சாதாரண விஷயமாக இருந்ததில்லை, அவ்வளவுதான்.

இனி, தனிக் கோரஸ் எதற்கு என்ற கேள்வி. பாட்டுக்கு ஏது சாதி என்கிறீர்கள். அப்படிச் சொல்லிக்கொண்டேதான் நாகஸ்வரத்தை ஒரு வரிசையிலும் வீணையை இன்னொரு வரிசையிலும் உட்கார வைத்தோம். அதை விடுங்கள், அந்த ஊர்க் கதைக்கு வருகிறேன்.

சான் பிரான்சிஸ்கோவில் ஜான் சிம்ஸ் என்ற இசை ஆசிரியர் கே ஆண்களுக்கென ஒரு கோரஸைத் தொடங்கினார். முதல் ஒத்திகை 1978 அக்டோபர் 30, திங்கட்கிழமை. அப்போது கலிஃபோர்னியாவில் தன்பாலீர்ப்பாளர்கள் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராக இருக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவர ஒரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. மக்கள் வாக்கெடுப்பு அடுத்த வாரம், நவம்பர் 7. அது தோற்றது. அதைத் தோற்கடிக்க முன்னின்றவர்களில் ஒருவர் நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க். மூன்று வாரம் கழித்து, நவம்பர் 27 அன்று, அவரையும் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும் முன்னாள் நகரசபை உறுப்பினர் ஒருவர் நகர மண்டபத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றார். அன்றிரவு ஆயிரக்கணக்கானவர்கள் மெழுகுவத்திகளுடன் நகர மண்டபத்துக்கு நடந்தார்கள். நான்கு வாரமே ஒத்திகை பார்த்திருந்த அந்தக் கோரஸ் மண்டபப் படிக்கட்டில் நின்று மெண்டல்சன் இயற்றிய துதிப்பாடல் ஒன்றைப் பாடியது. அவர்களின் முதல் கச்சேரி அதுதான். டிக்கெட் அடித்து, விளம்பரம் செய்து, டிசம்பரில் அரங்கேறலாம் என்று இருந்தவர்கள்.

1981-இல் அந்தக் கோரஸ் ஒன்பது நகரங்களுக்குச் சுற்றுப்பயணம் போனது. அவர்கள் பாடிவிட்டுப் போன ஊர்களில் புதிய குழுக்கள் முளைத்தன. வாஷிங்டன் கோரஸ் அந்த ஆண்டில் தொடங்கியதுதான். எல்லாரும் பெயரில் 'கே' என்று போட்டுக்கொள்ளவில்லை. டல்லஸில் 1980-இல் தொடங்கிய குழு 'டர்ட்டில் க்ரீக்' என்று ஊரில் ஓடும் ஒரு ஓடையின் பெயரை வைத்துக்கொண்டது. எனக்கு அதைத் தவறென்று சொல்லத் தோன்றவில்லை. வேலை போய்விடும், வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்வார் என்ற பயம் அன்று நிஜம்.

அதற்குப் பிறகு எய்ட்ஸ் வந்தது. ஜான் சிம்ஸ் 1984-இல் அந்த நோயில் இறந்தார். சான் பிரான்சிஸ்கோ கோரஸ் 1993-இல் எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். மேடை நிறைய ஆண்கள். ஏறக்குறைய அனைவரும் கறுப்பு உடையில், நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். நடுநடுவே வெள்ளை உடையில் ஏழு பேர் மட்டும் நம்மைப் பார்த்து நிற்கிறார்கள். தொடக்ககால உறுப்பினர்களில் மிஞ்சியவர்கள் அந்த ஏழு பேர். முதுகு காட்டுகிறவர்கள் இறந்தவர்களின் இடத்தில் நிற்கிறவர்கள். நான்கு குரல் பிரிவுகளைத் தவிர 'ஐந்தாம் பிரிவு' என்று ஒன்று தங்களுக்கு உண்டு என்று அந்தக் குழுவில் சொல்வார்கள். இறந்துபோன உறுப்பினர்கள் அதில் இருக்கிறார்கள். முந்நூறு பேருக்கு மேல்.

லண்டன் கோரஸின் தொடக்கமும் இந்த நோயோடு சேர்ந்ததுதான். 1991-இல் ஒன்பது பேர் ஏஞ்சல் சுரங்க ரயில் நிலையத்தில் நின்று கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடி, எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் அறக்கட்டளைக்குப் பணம் திரட்டினார்கள். மும்பையில்கூட 2014 முதல் இப்படி ஒரு குழு பாடிக்கொண்டிருக்கிறது. அது தொடங்கியபோது, தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப்பிரிவு இன்னும் உயிரோடு இருந்தது.

இவ்வளவும் சொன்னதால் அந்தக் கோரஸ்கள் பாடுவதெல்லாம் நல்ல இசை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேடை நாடகப் பாட்டுகளையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். ஒவ்வொரு பாட்டும் முடிவில் சுருதியை ஏற்றி, கைகளை விரித்து, கண்ணீரை வரவழைத்தே தீரும். சபையும் எதற்கும் எழுந்து நின்று கைதட்டும். நீங்கள் போகும் காபரேயில் பத்துப் பேர் தனியாகப் பாடினால் மூன்று பேர் நன்றாகப் பாடுவார்கள். நம் டிசம்பர் மதியக் கச்சேரிகளைவிட அது மோசமான கணக்கில்லை.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் விட்ட ஒன்று. கோரஸின் பெரிய கச்சேரிக்கு அவன் உங்களை அழைத்திருக்கலாம். அங்கே நூற்றைம்பது பேர் ஒரே உடையில் நிற்பார்கள். நீங்கள் பால்கனியில் உட்கார்ந்து, இவனா அவனா என்று தேடிவிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். அவன் அழைத்தது காபரேக்கு. சிறிய கூடம், எண்பது நாற்காலி இருந்தால் அதிகம். கையில் கோப்பு இல்லாமல், பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லாமல், விளக்கின் கீழ் தனியாக நிற்பான். மூன்றடி தொலைவில் நீங்கள் இருப்பீர்கள். இப்போது இந்த நிமிடம் அவன் எங்கோ ஒரு அடித்தளக் கூடத்தில் கைகளை எங்கே வைப்பது என்று பழகிக்கொண்டிருப்பான். உங்களையும் அத்தையையும் பார்த்துச் சொல்லவேண்டிய அந்த நாலு வார்த்தையை எழுதி எழுதி அடித்துக்கொண்டும் இருப்பான்.

போங்கள். சுவரோரமாக உட்கார வேண்டாம், முன்மேசையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சில கூடங்களில் ஆளுக்கு இரண்டு பானமாவது வாங்கியே ஆகவேண்டும் என்று விதி உண்டு. எலுமிச்சை பிழிந்த சோடாவும் அந்தக் கணக்கில் சேரும் என்று உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.