கடலூர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சென்னைக்கு வரச் சொல்லலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். 2021 ஜூலை 15 அன்று சென்னை சோழிங்கநல்லூரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பொறியாளராகச் சேர்ந்தேன். அன்று முதல் வீட்டிலிருந்தே வேலை. 2023 ஏப்ரலில் என் பணியிடத்தைக் கடலூர் என்று மாற்றிக் கடிதம் கொடுத்து, வீட்டு வாடகைப்படியைக் குறைத்தார்கள். இப்போது, 2026 மார்ச் 2 முதல் வாரம் மூன்று நாள் அலுவலகம் வர வேண்டும், இயலாவிட்டால் ராஜினாமா செய்யலாம், அறிவிப்புக் காலம்கூட வேண்டாம், பிப்ரவரி 27 அன்றே விடுவித்துவிடுகிறோம் என்கிறார்கள். பக்கவாதத்தால் படுத்திருக்கும் அப்பாவையும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளையும் விட்டுவிட்டு எப்படிப் போவது? சட்டத்தில் எனக்கு ஏதேனும் வழி உண்டா?

பதில்: சகோதரி, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து வேலை செய்வதைத் தனியார் ஊழியரின் பொதுவான உரிமையாக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017-ல் வந்த திருத்தம்கூட, விடுப்பு முடிந்த தாய் வீட்டிலிருந்து பணிபுரிவதை அவரும் நிர்வாகமும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டியதாகவே விட்டுவைத்தது. அப்பாவின் உடல்நிலையை மட்டும் முன்வைத்து வழக்குக்குப் போனால் நீதிபதி அனுதாபப்படுவார், ஆணை கிடைப்பது அரிது. எந்த ஊரில் யாரை அமர்த்துவது என்பது நிர்வாகத்தின் அதிகாரம் என்பதே நீதிமன்றங்களின் வழக்கமான நிலைப்பாடு.

ஆனால் உங்கள் கையில் 2023 ஏப்ரல் கடிதம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய நகலில் 'பணியிடம்: கடலூர்' என்றும், அதற்கு அடுத்த வரியிலேயே 'இதற்கேற்பப் படிகள் திருத்தியமைக்கப்படுகின்றன' என்றும் உள்ளது. அந்த மாதச் சம்பளச் சீட்டில் வீட்டு வாடகைப்படி 18,000 ரூபாயிலிருந்து 11,500 ஆகியிருக்கிறது. மாதம் 6,500 வீதம் இந்த பிப்ரவரி வரை 35 மாதங்களில் நீங்கள் விட்டுக்கொடுத்தது 2,27,500 ரூபாய். தொற்றுக்காலத்தில் தற்காலிகமாக வீட்டில் அமர்த்தப்பட்டவருக்கும், ஊரைக் கணக்கிட்டுச் சம்பளம் குறைக்கப்பட்டவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. உங்களுடையது இருதரப்பும் விலை கொடுத்துச் செய்துகொண்ட ஏற்பாடு என்று வாதிட இடமிருக்கிறது. நீங்கள் அனுப்பியது கடிதத்தின் முதல் பக்கம் மட்டும். இரண்டாம் பக்கத்தில் 'நிர்வாகம் விரும்பும்போது மாற்றலாம்' என்ற வரி இருக்கிறதா, நியமன ஆணையில் இடமாற்ற விதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நம் வாதம் அந்த அளவுக்கு மெலியும்.

அடுத்தது, தொழில் தகராறுகளுக்கான சட்டத்தின் பாதுகாப்பைப் பெற நீங்கள் சட்டப்படி 'தொழிலாளி'யா என்ற கேள்வி. பதவியின் பெயரை வைத்து இது முடிவாவதில்லை. நாள் முழுக்கச் செய்யும் வேலை தொழில்நுட்ப வேலையா, மேலாண்மையா என்பதே அளவுகோல். மென்பொருள் நிறுவனங்களுக்கும் தொழில் தகராறுகள் சட்டம் பொருந்தும் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும், வழக்கமாக இருந்துவந்த சலுகையைத் திரும்பப் பெறவும் படிகளை மாற்றவும் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. அத்தகைய முறையான அறிவிப்பு உங்களுக்கு வந்ததாகத் தெரியவில்லை. இதனால் மாற்றத்தை நிரந்தரமாகத் தடுக்க முடியாது என்றாலும், பேச்சுவார்த்தைக்கு நிர்வாகத்தை உட்காரவைக்க இது உதவும்.

இனி நான் அதிகம் கவலைப்படுவதைச் சொல்கிறேன். தயவுசெய்து ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள். உங்கள் ஐந்தாம் ஆண்டுப் பணி சென்ற ஜூலை 15-ல் தொடங்கியது. நான்காண்டுகள் முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி செய்திருந்தாலே பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. நாட்காட்டிப்படி எண்ணினால் அந்த 240-வது நாள் மார்ச் 11. 'அறிவிப்புக் காலம் வேண்டாம், பிப்ரவரி 27 அன்றே விடுவிக்கிறோம்' என்ற சலுகையை இந்தத் தேதியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 40,000 என்று எழுதியிருக்கிறீர்கள். 15 நாள் ஊதியம் வீதம் ஐந்தாண்டுக்குச் சுமார் 1,15,000 ரூபாய் வரும். மற்ற மாநிலங்களில் மாறுபட்ட தீர்ப்புகளும் உள்ளதால், முழு ஐந்தாண்டு முடிப்பதே ஐயத்துக்கு இடமில்லாத வழி. வற்புறுத்தி எழுதி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதை மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அதே வேளையில், மார்ச் 2 அன்று பதில் ஏதும் சொல்லாமல் வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. அதைக் கீழ்ப்படியாமை என்றோ, பணியைத் தானாகவே விட்டுவிட்டார் என்றோ எழுதிவிடுவார்கள். விசாரணையின்றி அப்படி ஒருவரை நீக்கக்கூடாது என்று டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-ல் கூறியது உண்மைதான். எனினும் வேலையை இழந்தபின் அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு அலைவதைவிட, இப்போதே ஒரு மின்னஞ்சல் எழுதுவது எளிது. அதில் 2023 கடிதத்தையும் குறைந்த படியையும் குறிப்பிட்டு, பணி செய்ய முழு விருப்பத்தோடு இருப்பதாகவும், உத்தரவை மறுபரிசீலனை செய்யக் கோருவதாகவும் எழுதுங்கள். கூடவே ஒரு மாற்று யோசனையும் வையுங்கள். ஒரு வழிக்கே சுமார் 170 கிலோமீட்டர் என்பதால், வாரத்துக்கு மூன்று நாள் என்பதை மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்து மூன்று அல்லது நான்கு நாள் என்று மாற்றக் கேட்கலாம். அப்பாவின் மருத்துவச் சான்றை இதனுடன் இணையுங்கள். தனியாக நிற்காத அந்தக் காரணம் இங்கே நன்றாகவே துணை நிற்கும். கடலூர் ஏற்பாட்டை ரத்து செய்வதில் உறுதியாக இருந்தால், பழைய வாடகைப்படியைத் திருப்பித் தருமாறும் கேளுங்கள். அவர்கள் மறுத்தால், எதிர்ப்பைப் பதிவுசெய்துவிட்டு முதல் சில வாரங்கள் போய்வருவதே என் அறிவுரை. அப்பாவுக்கு அந்த நாட்களில் ஆள் ஏற்பாடு செய்வது எவ்வளவு சிரமம் என்று அறிந்தே சொல்கிறேன்.

எல்லாவற்றையும் மீறி நீக்கிவிட்டால், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41-ஆவது பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ இன்றி நீக்க முடியாது. நீக்க உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். நீங்கள் மேலாண்மைப் பதவியில் இல்லாததால் இந்த வழி திறந்தே உள்ளது.

இன்றைக்கே ஒன்றைச் செய்யுங்கள். நியமன ஆணை, 2023 கடிதத்தின் இரு பக்கங்கள், 2023 மார்ச் முதல் இன்றுவரையிலான சம்பளச் சீட்டுகள், மனிதவளத் துறையின் மின்னஞ்சல்கள் ஆகியவற்றை அச்செடுத்து வையுங்கள். மடிக்கணினி முடக்கப்பட்டுவிட்டால் இவை எதுவும் கைக்கு வராது. உங்களுக்கு வந்த கடிதங்களை மட்டும் எடுங்கள்; வாடிக்கையாளர் கோப்பு ஒன்றைத் தவறிப்போய் நகலெடுத்தாலும் அதையே உங்கள் மீதான குற்றச்சாட்டாக்குவார்கள்.